சுரைக்காய் கேட்ட ட்ரெட்மில்

அம்சவேணிக்கு எதைப் பத்தியும் நல்லதா மட்டும் பேச வராது. பொண்ணு பாக்க வந்தன்னைக்கே பஜ்ஜித் தட்டை நீட்டிட்டு, "எண்ணெய் காயறதுக்குள்ள போட்டுட்டாங்க. குடிச்சிருக்கும், பாத்துச் சாப்பிடுங்க"ன்னு சொன்னவ. அவங்கம்மா தலையில கை வச்சுட்டாங்க. மாப்பிள்ளை ஜோதிலிங்கம் சிரிச்சுட்டாரு. அந்தச் சிரிப்புலயே கல்யாணம் முடிவாயிருச்சு.

கோபிச்செட்டிபாளையத்துலேருந்து நேரா டெல்லி, புருஷனுக்கு அங்க சர்க்கார் உத்தியோகம். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ்ல பொண்ணைப் பெத்து வளத்தா. அந்த வீட்டை இடிக்கப் போறோம்னதும் ஆர்.கே.புரம். ஹிந்தியை காய்கறிக்காரங்ககிட்டதான் கத்துக்கிட்டா. அதனால அவ ஹிந்தியில எது பேசினாலும் பேரம் பேசற மாதிரியே இருக்கும். டாக்டர்கிட்ட போய் "பையா, சஹி சஹி பதாவோ", அதாவது சரியான விலையைச் சொல்லுன்னு ஒருக்கா கேட்டிருக்கா. அந்த டாக்டரும் பயந்து ஒரு மாத்திரையைக் குறைச்சுட்டாரு.

இப்ப அம்சவேணியை ஆர்.கே.புரத்துல 'ஏலக்காரம்மா'ன்னாதான் தெரியும். காரணம் அவ நடத்தற ஏலம். கையில சுத்தியல் கிடையாது, மேடை கிடையாது. ஒரு ஃபோன், அடுப்புல கொதிக்கற ரசம், அவ்வளவுதான்.

அது ஆரம்பிச்ச கதை இது. சர்க்கார் குவார்ட்டர்ஸ்ல பரீட்சை முடிஞ்சா டிரான்ஸ்பர் ஆர்டர் வரும். ஒரு குடும்பம் கிளம்பும்போது கூலர், இரும்பு பீரோ, கட்டில், பூந்தொட்டி எல்லாம் வாசல்ல வந்து நிக்கும். பழைய சாமான் வாங்கற கபாடிவாலா வருவான். ஒரு கண்ணைச் சுருக்கிப் பாத்து, "பஹுத் புரானா ஹை, மேடம்"பான், ரொம்பப் பழசாம். வேற வழியில்லாம அவன் சொன்ன விலைக்குத் தள்ளிவிட்டுட்டு ரயில் ஏறுவாங்க. அதே வாரம் பக்கத்து செக்டர்ல புதுசா வந்து எறங்கின குடும்பம், கடைக்குப் போயி முழு விலை கொடுத்து கூலர் வாங்கிட்டு ஆட்டோவுல கட்டிட்டு வரும்.

"இந்தத் தெருவுல விக்கறவ, அந்தத் தெருவுல வாங்கறவ. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்காததாலதானுங்க கபாடிவாலா மாடி வீடு கட்டறான்"னு அம்சவேணி புருஷன்கிட்ட சொன்னா.

"அதுக்கு நீ என்ன பண்ணப் போற, வேணி?"

"பாக்க வைக்கப் போறேன்."

ஃபோன்ல ஒரு குரூப் ஆரம்பிச்சா. தமிழ்க் குடும்பமெல்லாம் சேந்துது. மொத ஏலத்துக்கு ஒரு வெட் கிரைண்டர் வந்துச்சு. விசாகப்பட்டினம் போற குடும்பத்தோடது. நல்ல கல்லு. டெல்லியில இப்படிக் கிரைண்டர் கெடைச்சா நாலு பேரு அடிச்சுக்கணும். ஆனா பக்கத்து செக்டர் வைதேஹி மாமி மொதல்ல ஒரு விலை சொன்னாங்க. அதோட குரூப்பே கப்சிப். சாயங்காலம் வரைக்கும் ஒரு ஈ காக்கா வாயைத் தொறக்கல. கிரைண்டர் அடிமாட்டு விலைக்குப் போச்சு. வித்தவங்க மூஞ்சி செத்துப்போச்சு.

அம்சவேணி ஒவ்வொருத்தரா ஃபோன் போட்டுக் கேட்டா. எல்லாரும் ஒரே பாட்டுதான். "மாமி கேட்டுட்டாங்களே. அதுக்கு மேல நான் கேட்டா என்ன நெனைப்பாங்க? நாளைக்கு மலை மந்திர் கோயில்ல மூஞ்சியைப் பாக்க வேண்டாமா?"

மாமியையே கேட்டா. மாமி இன்னும் மோசம். "எனக்கே ஒரு மாதிரியா போயிடுத்துடி. யாராவது ஏத்திக் கேட்டா விட்டுடலாம்னு இருந்தேன். ஒருத்தியும் கேக்கலையே! இப்ப ரெண்டு கிரைண்டரை வச்சுண்டு நான் என்ன ஹோட்டலா நடத்தப்போறேன்?"

ரெண்டாவது ஏலம் நேர் எதிர். ஒரு பெரிய ஆபீசர் வீட்டம்மா ஓட்டை விழுந்த சோபாவைக் குடுத்தாங்க. அந்த ஆபீசருக்குக் கீழ வேலை பாக்கறவங்க வீட்டம்மாங்க எல்லாம், கடையில புது சோபா என்ன விலையோ அதுக்கும் மேல கேட்டுட்டாங்க. அது சோபாவுக்குக் கொடுத்த விலை இல்ல, நாற்காலிக்குக் கொடுத்த விலைன்னு அம்சவேணிக்குப் புரிஞ்சுபோச்சு.

"நம்ம ஜனங்க பொருளைப் பாக்கறதே இல்லீங்க. யாரு விக்கறா, யாரு கேக்கறான்னு மூஞ்சியைத்தான் பாக்கறாங்க. மூஞ்சியை மறைச்சுப்போடோணும்."

குர்காவ்ன்ல வேலை பாக்கற பொண்ணு பிரியதர்ஷினிதான் வழி சொன்னா. குரூப் வேண்டாம்மா, சேனல் போடு, சேந்தவங்க யாரும் யாரையும் பாக்க முடியாதுன்னா. மத்தது அம்சவேணியோட மூளை. வாங்கறவங்க விலையை அவளுக்குத் தனியா அனுப்பணும். அவ ஒவ்வொருத்தருக்கும் ஒரு காய்கறிப் பேரு வச்சா. சேனல்ல 'கத்திரிக்காய் ஆயிரம், வெண்டைக்காய் ஆயிரத்து நூறு'ன்னு மட்டும் வரும். எந்தக் காய் எந்த வீடுன்னு அவ ஒருத்திக்குத்தான் தெரியும். எழுதிக்கூட வைக்கல, எல்லாம் மனப்பாடம். விக்கறவங்க பேரும் வராது. வீட்டுக்குப் போயி, பொருளுக்குப் பின்னால ஒரு பெட்ஷீட்டைத் தொங்கவிட்டு ஃபோட்டோ எடுப்பா. ஏலம் முடிஞ்ச பொறவுதான் விக்கறவங்களுக்கும் வாங்கினவங்களுக்கும் ஒருத்தரை ஒருத்தர் சொல்லுவா.

மூஞ்சி மறைஞ்சதும் வந்துச்சு பாருங்க ஒரு வெறி! கோயில் வரிசையில "நீங்க முன்னால போங்க, நீங்க போங்க"ன்னு வழி விடறவங்க, பூசணிக்காயாவும் புடலங்காயாவும் ஆனதும் ஒரு பழைய இட்லிப்பானைக்குக் குத்துச்சண்டை போட்டாங்க. பாடாத பழைய ரேடியோ ஒண்ணு வந்துச்சு. யாரு வாங்குவான்னு ஜோதிலிங்கம் கிண்டல் பண்ணாரு. நொய்டாவுல ஒரு பெரியவருக்கு அதைப் பிரிச்சுப் பாக்கணும். குர்காவ்ன்ல மானசான்னு ஒரு பொண்ணுக்கு அதைப் புது ஃபிளாட்ல அழகுக்கு வைக்கணும். ரெண்டு பேரும் விடாம ஏத்தி ஏத்தி, கடைசியில ஒரு புது ரேடியோ விலைக்கு வந்து நின்னுச்சு.

"ஒரு பொருளை விக்க ஒரு கிறுக்கு பத்தாதுங்க. ரெண்டு கிறுக்கு வேணும். கபாடிவாலா ஒருத்தன்தான் இருக்கான், அதான் அவன் வச்சது சட்டம். இங்க ஊரு பூரா கிறுக்கு. எப்படியும் ரெண்டு சிக்கும்"னா அம்சவேணி.

ஆனா ஜனங்க அந்தச் சேனலை விடாம படிச்சது விலைக்காக இல்ல. அவ எழுதறதுக்காக. ஒவ்வொரு பொருளையும் அவளே ஓட்டிப் பாத்து, உருட்டிப் பாத்து, என்ன கோளாறுன்னு முகத்துல அடிச்ச மாதிரி போடுவா.

'மிக்ஸி. சட்னி நல்லா அரைக்கும். அரைக்கறது மூணாவது வீட்டுக்குக் கேக்கும்.'

'கட்டில். படுத்தா சத்தம் வராது. புரண்டா வரும்.'

'குக்கர். விசில் வராது. வரும்னு காத்திருந்தா பருப்பு கரிஞ்சுரும்.'

குத்தத்தையெல்லாம் சொன்னா யாரு வாங்குவான்னு விக்கறவங்க மொதல்ல சண்டைக்கு வந்தாங்க. நடந்தது வேற. குத்தம் தெரிஞ்ச பொருளைத்தான் ஜனம் பயப்படாம கேட்டுது. இதுதான் குத்தம்னு அம்சவேணி சொல்லிட்டா, வேற குத்தம் இல்லைன்னு அர்த்தம்.

ஒரே ஒரு தடவை ஒரு திருட்டு நடந்துச்சு. சாய்ராம்னு ஒருத்தரு, தன்னோட கூலருக்கு மச்சினனை விட்டு விலையை ஏத்தினாரு. ஏத்தி ஏத்தி, மச்சினன் தலையிலயே கூலர் கட்டிக்கிச்சு. ஊரே சிரிச்சுது. அன்னைக்கு அம்சவேணி சட்டம் போட்டா: விக்கற வீட்டுலேருந்து யாரும் கேக்கக் கூடாது. கேட்டா அந்தக் காய் கேட்டது அத்தனையும் செல்லாது. கேள்வி, அதாவது ஒருத்தரோட விலை, வந்துட்ட பொருளைத் திருப்பி எடுத்துக்கவும் கூடாது.

அந்தச் சட்டம் அவ புருஷன் ஆபீஸ் மேல போயி முட்டும்னு அப்ப யாருக்குத் தெரியும்?

தீபாவளி முடிஞ்சு கொஞ்ச நாள்ல உஷாராணி ஃபோன் பண்ணாங்க. ஜோதிலிங்கத்தோட டைரக்டர் சதாசிவத்தோட வீட்டம்மா. பெரிய ஆபீசருங்களுக்குக் கொடுக்கற பெரிய டைப் குவார்ட்டர்ஸ்.

"மிஸஸ் ஜோதிலிங்கம், எங்க வீட்ல ஒரு ட்ரெட்மில் இருக்கு. பின் ரூம்ல இடத்தை அடைச்சுக்கிட்டு. வித்துக் கொடுங்களேன். ஆனா எங்க வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாம். ஓடவும் மாட்டாரு, சொன்னா தூக்கவும் விட மாட்டாரு. போன அப்புறம் சொல்லிக்கறேன்."

அம்சவேணி போயிப் பாத்தா. ட்ரெட்மில்லே தெரியல. மேல துணி, கீழ துணி, கைப்பிடியில ஹேங்கரு. அஞ்சு வருஷமா அந்த வீட்டுத் துணியெல்லாம் அதுலதான் காஞ்சிருக்கு. எல்லாத்தையும் எடுத்துப் போட்டுட்டு, சேலையைத் தூக்கிச் செருகிட்டு மேல ஏறினா.

மூணு ஸ்பீடுல நடந்தா. பூ மாதிரி போச்சு. அஞ்சுல வேகமா நடந்தா. சரி. ஏழாம் நம்பரை அமுக்கினா பாருங்க, அது பாட்டுக்குப் பன்னெண்டுக்குத் தாவிருச்சு. அம்சவேணி பின்னால போயி துணிக் குவியல்ல விழுந்தா. நல்லவேளை குவியல் பெருசு.

"அது ஒண்ணுமில்ல, சின்ன ஜெர்க்"னாங்க உஷாராணி.

"மேடம், இது ஜெர்க்கு இல்லீங்க, எருமை முட்டறது. எழுதிருவேன்."

"அய்யோ, அதெல்லாம் எதுக்கு? 'டைரக்டர் வீட்டு ட்ரெட்மில், நல்லா ஓடும்'னு போடுங்க. போதும்."

"வீட்டுப் பேரு போட மாட்டேன். நல்லா ஓடும்னும் போட மாட்டேன். சம்மதம்னா சொல்லுங்க, இல்லாட்டித் துணியைத் திருப்பி மாட்டிட்டுப் போறேன்."

உஷாராணிக்கு மூஞ்சி சுருங்கிருச்சு. ஆனா இடம் அடைக்குதே. "என்னமோ பண்ணுங்க"ன்னுட்டாங்க.

வீட்டுக்கு வந்து சொன்னதும் ஜோதிலிங்கம் காப்பியைக் கீழ வச்சுட்டாரு. "எருமைன்னா சொன்ன? டைரக்டர் வீட்டம்மாகிட்டயா?"

"மெஷினைத்தானுங்க சொன்னேன்."

சேனல்ல இப்படி வந்துச்சு: 'ட்ரெட்மில். ஆறு வரைக்கும் சொன்ன பேச்சு கேக்கும். அதுக்கு மேல அமுக்கினா உங்களைத் தூக்கி எறியும், நான் பறந்து பாத்துட்டேன். ஓடறவங்க வாங்காதீங்க. நடக்கறவங்க தாராளமா வாங்கலாம். இது வரைக்கும் துணி மட்டுந்தான் இதுல ஏறியிருக்கு, அதனால பெல்ட் புதுசு.'

வேற மாசமா இருந்தா யாரும் சீந்தியிருக்க மாட்டாங்க. ஆனா அது நவம்பரு. டெல்லியில நவம்பர்னா தெரியுமே. காலையில ஜன்னலைத் தொறந்தா புகைமூட்டத்துல எதுத்த பிளாக் காணாம போயிருக்கும். தொண்டையில ரம்பம் அறுக்கும். வாக்கிங் போறவங்களையெல்லாம் டாக்டருங்க வீட்டுக்குள்ள தள்ளிக் கதவைச் சாத்திட்டாங்க. அறுபதைத் தாண்டின அத்தனை பேருக்கும் சர்க்கரை ஏறுது, கால் மரத்துப்போகுது. அவங்க யாரும் ஓடப் போறதில்ல. எல்லாரும் மூணு ஸ்பீடு ஆளுங்க.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஏலம் முடியணும். காலையிலயே பாகற்காயும் முருங்கைக்காயும் மோத ஆரம்பிச்சுட்டாங்க. முருங்கைக்காய் நாலாயிரத்து ஐநூறு. பாகற்காய் அஞ்சாயிரம். முருங்கை மூச்சு வாங்கி ஒதுங்கிருச்சு. பாகற்காய் யாருன்னு அம்சவேணிக்குத் தெரியும். வைதேஹி மாமி. போன மாசம்தான் அவங்க வீட்டுக்காரர் ஸ்ரீவத்ஸனுக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சாங்க. 'சரி, மாமிக்குப் போகட்டும்'னு மனசுக்குள்ள சந்தோஷப்பட்டுக்கிட்டே வெங்காயம் உரிச்சா.

அப்ப டிங்னு ஒரு மெசேஜ். சுரைக்காய் ஆறாயிரம்.

பழக்க தோஷத்துல அதை சேனல்ல தட்டி விட்டுட்டா. மாமி உடனே ஆறாயிரத்து ஐநூறு. சுரைக்காய் ஏழாயிரம். மாமி ஏழாயிரத்து ஐநூறு. அதையும் போட்டுட்டு, வெங்காயத் தோலைக் கூட்டும்போதுதான் அம்சவேணிக்கு உறைச்சுது. சுரைக்காய்னா யாரு? போன வாரம் சேந்தவரு. ஜோதிலிங்கமே "எங்க சார் கேட்டாரும்மா"ன்னு சேத்துவிட்டவரு.

டைரக்டர் சதாசிவம்.

தன் வீட்டு ட்ரெட்மில்லைத் தானே ஏலம் கேக்கறாரு!

அம்சவேணிக்கு மொதல்ல கோவம் வந்துச்சு. சாய்ராம் வேலைதான் இதுவும், உஷாராணி புருஷனை ஏவிவிட்டு விலையை ஏத்தறாங்கன்னு நெனைச்சா. அப்பவே இன்னொரு மெசேஜ் வந்து விழுந்துச்சு. 'மேடம், மூணு ஸ்பீடுல நிஜமா நல்லாப் போகுமா? டாக்டர் வெளியே நடக்க வேண்டாம்னுட்டார். வீட்டுல சொல்லலை. என் மிஸஸுக்கு சர்ப்ரைஸ்.'

அம்சவேணி ஸ்டூல்ல உக்காந்து சிரிச்சா பாருங்க, வயிறு வலிக்கச் சிரிச்சா. அஞ்சு வருஷத்துல அந்த மனுஷன் துணிக்குக் கீழ என்ன இருக்குன்னு மறந்தே போயிட்டாரு!

ஜோதிலிங்கம் ஓடி வந்தாரு. விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வரல. "வேணி, இதை அப்படியே அமுக்கிரு. நான் சாருக்கு ஃபோன் பண்ணி, 'சார் விட்டுருங்க, நல்லால்ல'ன்னு சொல்லிடறேன். அவரு ஒதுங்கிருவாரு. யாருக்கும் தெரியாது."

"பாகற்காய் ஏழாயிரத்து ஐநூறுல நிக்குதே? அது யாரால ஏறுச்சு?"

"அவங்களுக்கு வேணும், கேட்டாங்க. நாமளா ஏத்தச் சொன்னோம்?"

"வித்த வூட்டு ஆளு ஏத்தினதுங்க. தெரிஞ்சு பண்ணாரோ தெரியாமப் பண்ணாரோ, காசு பாகற்காய் கையிலேருந்துதான போகுது?"

"என்ற டைரக்டர் அம்மிணி அவரு! நாளைக்கு நான் ஆபீஸ் போகோணும்!"

அப்ப மாமி ஃபோன். அடக்கின குரல்ல பேசினாங்க. "அம்சு, அந்தச் சுரைக்காய் விட மாட்டேங்கறதே. இன்னும் ஏத்தட்டுமா? வளையலுக்குன்னு கொஞ்சம் வச்சிருக்கேன். இவர் கூண்டுல போட்ட புலி மாதிரி ஹாலுக்கும் ரூமுக்கும் நடந்துண்டே இருக்கார்டி, டீப்பாய்ல இடிச்சுண்டு."

அம்சவேணிக்கு நாக்கு நுனியில வந்துருச்சு. முழுங்கிட்டா. "மாமி, நான் யாருக்கும் யோசனை சொல்றதில்ல. ஒண்ணே ஒண்ணு. சித்த நேரம் கையை வச்சுக்கிட்டு சும்மா இருங்க."

ஃபோனை வச்சா. ஜோதிலிங்கம் சாமி படத்தைப் பாத்துட்டு நின்னாரு.

இத்தனை வீடு அவ பேச்சை நம்பி, பாக்காத பொருளுக்குப் பாக்காத ஆளோட போட்டி போடுது. எதை நம்பி? மறைச்சு வச்ச மூஞ்சிக்குப் பின்னால கள்ளம் இல்ல, இருந்தா அம்சவேணி விட மாட்டாங்கறதை நம்பித்தான். இன்னைக்கு டைரக்டருக்கு ஒண்ணு, மாமிக்கு ஒண்ணுன்னு அவளே கண்ணை மூடிட்டா, நாளைக்கு இந்தச் சேனலுக்கும் கபாடிவாலாவுக்கும் என்ன வித்தியாசம்?

"ஏனுங்க, நான் எழுதப் போறேன். பேரு போட மாட்டேன். ஆனா எழுதுவேன்."

எழுதினா: 'ட்ரெட்மில் ஏலம் நிறுத்தி வச்சிருக்கு. விக்கற வீட்டு ஆளே சுரைக்காய் பேருல கேட்டிருக்காரு. தெரிஞ்சு கேட்டதாத் தெரியல. ஆனாலும் செல்லாது. அவரு வந்ததுக்கு அப்புறம் ஏறின விலையெல்லாம் தள்ளுபடி. பாகற்காய் அஞ்சாயிரத்துல நிக்குது. இதைக் கவனிக்காம நானும் ரெண்டு தடவை போட்டுட்டேன், அது என் தப்பு. மேல கேக்கறவங்க மத்தியானம் வரைக்கும் கேக்கலாம், சுரைக்காய் தவிர.'

அனுப்பின மறு நிமிஷம் உஷாராணி ஃபோன். காதுக்குப் பக்கத்துல வைக்க முடியல.

"என்ன மிஸஸ் ஜோதிலிங்கம், எனக்குத் திருட்டுப் பட்டம் கட்றீங்களா? என் வீட்ல யாரு கேட்டா? நானா கேட்டேன்? என் பேரு புடலங்காய்! எங்க வீட்ல நானும் எங்க வீட்டுக்காரரும்தான்! அவருக்கு இந்த ஏலம் கீலம் ஒண்ணுமே தெரியாது!"

"மேடம், நான் பேரு சொல்ல மாட்டேங்க."

"சொல்லுங்க! சொல்லித்தான் ஆகணும்! யாரு அந்தச் சுரைக்…"

அப்ப ஃபோன்ல, தூரத்துலேருந்து, ஒரு ஆம்பளைக் குரல் கேட்டுச்சு. குழப்பமான குரல்.

"உஷா… நம்ம வீட்ல ட்ரெட்மில் இருக்கா?"

 ஒரு கதவு தொறக்கற சத்தம். ஹேங்கரெல்லாம் கலகலன்னு தரையில விழற சத்தம். அப்புறம் அதே குரல், "அடக் கடவுளே!"

லைன் கட்டாயிருச்சு.

அம்சவேணி முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டா. ஜோதிலிங்கம் அவளைப் பாத்தாரு, ஃபோனைப் பாத்தாரு. கட்டுப்படுத்திப் பாத்தாரு. முடியல. ரெண்டு பேரும் அடுப்படித் தரையிலயே உக்காந்து சிரிச்சாங்க. ரசம் பொங்கி வழிஞ்சுது.

மத்தியானம் வரைக்கும் வேற யாரும் கேக்கல. பாகற்காய்க்கு அஞ்சாயிரத்துல முடிஞ்சுதுன்னு போட்டுட்டு அம்சவேணி நிமிர்ந்தா, வாசல்ல பெல். மூக்குல மாஸ்க்கு, தலையில குல்லா, கண்ணு மட்டும் தெரியற மாதிரி சதாசிவம். ஜோதிலிங்கம் சிரிப்பெல்லாம் போயி, சட்டை பட்டனைத் தப்புத் தப்பா போட்டுக்கிட்டு எழுந்து நின்னாரு.

"உக்காருங்க சார். காப்பி தரட்டுங்களா?"

"இருக்கட்டும்மா." உக்காந்து மாஸ்க்கைக் கழட்டினாரு. "அது என் வீட்டு சாமான். எனக்கு வேணும். அஞ்சாயிரத்தை நானே கொடுத்துடறேன். ஏலத்தைக் கேன்சல் பண்ணிடுங்க."

ஜோதிலிங்கம், "பண்ணிரலாம் சா…"ன்னு ஆரம்பிச்சாரு.

"முடியாதுங்க சார்"னா அம்சவேணி.

"என் வீட்டு சாமான் எனக்கே கெடையாதா?"

"துணி காயப்போட்ட அன்னைக்கே கேட்டிருக்கோணும் சார். கேள்வி விழுந்த பொறவு அது உங்களது இல்ல. உங்க ஆபீஸ்ல டெண்டரைத் தொறந்த பொறவு, 'இல்ல, நானே வச்சுக்கறேன்'னு சொல்ல முடியுங்களா?"

ஜோதிலிங்கம் கண்ணை மூடிக்கிட்டாரு. ஃபேன் கூடப் போடாத நவம்பர் குளிர்லயும் அவருக்கு வேர்த்துது.

 சதாசிவம் மேஜை மேல விரலால தாளம் தட்டினாரு. "டெண்டர் விதியை எனக்கே சொல்றீங்க"ன்னாரு.

"ஆமாங்க."

"நான் யாருன்னு சேனல்ல சொன்னீங்களா?"

"சுரைக்காய்னு சொன்னேன். சுரைக்காய் யாருன்னு என்ற பொண்ணுக்கே தெரியாது. நீங்களும் மேடமும் சொல்லிக்கிட்டாத்தான் உண்டு."

அந்த மனுஷன் மூஞ்சியில ஒரு சிரிப்பு மெதுவா ஏறுச்சு. "உஷா சொல்ல மாட்டா. அவளுக்கு அவமானம். அஞ்சு வருஷமா என் ட்ரெட்மில் மேல என் வேட்டியே காஞ்சிருக்கு. எனக்குத் தெரியலை பாருங்க! ஃபோட்டோவைப் பாத்து, 'ஆஹா, எவ்வளவு நல்லா வச்சிருக்காங்க'ன்னு வேற நெனைச்சேன்." தொடையைத் தட்டிச் சிரிச்சாரு. "ஜோதிலிங்கம், உங்க மிஸஸை நம்ம பர்ச்சேஸ் செக்ஷன்ல போட்டா ஒரு பய உருப்பட மாட்டான்."

"வேண்டாம் சார், வீட்ல சமையல் யாரு பண்றது?"ன்னாரு ஜோதிலிங்கம். உயிர் திரும்பி வந்துருச்சு.

சாயங்காலம் ஒரு தள்ளுவண்டி பிடிச்சு ட்ரெட்மில்லை ஏத்தினாங்க. படியில எறக்கும்போது ஒரு முனையை சதாசிவமே பிடிச்சாரு. மேல நின்னு உஷாராணி, "இதைத் தூக்கறதுக்கு மட்டும் தெம்பு எங்கேருந்து வந்துச்சாம்?"னு கத்தினாங்க. ஆனா வண்டி கிளம்பும்போது அவங்களும் மாஸ்க்கை மாட்டிக்கிட்டு பின்னாலயே வந்துட்டாங்க. அது எங்க போகுதுன்னு பாக்க வேண்டாமா?

வைதேஹி மாமி கதவைத் தொறந்தாங்க. வித்தது எந்த வீடுன்னு அம்சவேணி இன்னும் சொல்லாததால, ட்ரெட்மில்லோட ஒரு டைரக்டரும் வருவார்னு அவங்க எதிர்பாக்கல. "வாங்கோ, வாங்கோ. யாரோ சுரைக்காயாம் சார், என் உசிரை எடுத்துட்டது. வித்தவாளே ஏத்தினாளாமே, என்ன அக்கிரமம்!"

உஷாராணி சுவத்துல மாட்டியிருந்த காலண்டரை உத்துப் பாத்தாங்க.

"அக்கிரமம்தான்"னாரு சதாசிவம். "அந்தச் சுரைக்காய் நான்தான் மாமி."

மாமி வாயைப் பொத்திக்கிட்டாங்க. அவரே கதை முழுக்கச் சொன்னாரு, ஹேங்கர் விழுந்தது வரைக்கும். ஸ்ரீவத்ஸன் சிரிச்ச சிரிப்புல, "நெஞ்சு, நெஞ்சு"ன்னு மாமி அவர் முதுகைத் தடவினாங்க. உஷாராணிக்கும் கடைசியில சிரிப்பு வந்துருச்சு. "அந்தக் காலண்டர் போன வருஷத்துது மாமி"ன்னாங்க.

அம்சவேணி கையோட டேப் கொண்டு வந்திருந்தா. ஆறுக்கு மேல இருக்கற பட்டன் எல்லாத்தையும் மூடி ஒட்டினா. ஸ்ரீவத்ஸன் சாமி கும்பிட்டுட்டு ஏறினாரு. மூணுல பூ மாதிரி போச்சு. ஒரு மாசமா டீப்பாய்ல இடிச்ச மனுஷன், கையை வீசி வீசி நடந்தாரு. மாமி அதைப் பாத்துட்டு, கண்ணைத் துடைக்கறதா காப்பி கலக்கறதான்னு தெரியாம நின்னாங்க.

இறங்கினதும் சொன்னாரு, "சார், எனக்குக் காலம்பர மட்டும் போதும். சாயங்காலம் இது சும்மாதானே கெடக்கும்? நீங்க வந்து நடந்துக்கோங்கோ. நாங்க துணி காயப்போட மாட்டோம்."

சதாசிவம் செருப்பைக் கழட்டிட்டு உடனே ஏறிட்டாரு. தன் காசுல வாங்கின ட்ரெட்மில்ல, அஞ்சு வருஷம் கழிச்சு, அடுத்தவங்க வீட்டுல, மொத தடவையா நடந்தாரு. வேர்க்க ஆரம்பிச்சதும் மூஞ்சி மலர்ந்துபோச்சு.

அன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள அம்சவேணி ஃபோன் நிக்காம அடிச்சுது. கோல் மார்க்கெட்டுலேருந்து, நொய்டாவுலேருந்து, துவாரகாவுலேருந்தெல்லாம் சேத்துக்கோங்க, சேத்துக்கோங்கன்னு. சொந்தத் தப்பையே போட்டு உடைச்ச ஏலக்காரம்மாவை ஆளாளுக்கு அனுப்பி அனுப்பிப் படிச்சிருக்காங்க. காய்கறிப் பேரெல்லாம் தீர்ந்துபோயி, கீரைக்கு வந்துட்டா.

"என்ன மேடம், ஒரே பிஸி?"ன்னாரு சதாசிவம், நடந்துக்கிட்டே. "அடுத்த ஏலம் என்ன வருது?"

"ஒரு கேரம் போர்டு வருதுங்க சார்."

"அடடே, நான் கேக்கலாமா?"

"உங்க வீட்ல ஒண்ணு இருக்குதா இல்லியான்னு மொதல்ல போயித் தேடிப் பாத்துட்டு வாங்க சார்"னா அம்சவேணி.

உஷாராணி காப்பியை வச்சுட்டு யோசிச்சாங்க. "பீரோவுக்குப் பின்னால என்னமோ ஒண்ணு இருக்குங்க"ன்னாங்க.